சின்ன வாடகைக் காரில் ஊட்டி மலையேற்றம்: எடுப்பது முதல் திருப்பிக் கொடுப்பது வரை

ஊட்டிக்குப் போக பெரிய வண்டி வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆல்டோவும் வேகன் ஆரும் க்விட்டும் தினமும் அந்த மலையில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆயிரம் சிசி எஞ்சின் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சொந்த வண்டி என்றால் அதன் கிளட்ச் எங்கே பிடிக்கும், பிரேக்கை எவ்வளவு மிதித்தால் நிற்கும் என்று காலுக்கே தெரியும். வாடகை வண்டியில் எதுவும் தெரியாது. அந்த அறிமுகம் இல்லாமல் நேராகக் கொண்டை ஊசி வளைவில் போய் நின்றால்தான் ஆபத்து. அதனால் மலை தொடங்குவதற்கு முன் வண்டியைத் தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை.

கோயம்புத்தூரில் வண்டி எடுத்து, மேட்டுப்பாளையம் வழியாக ஏறி, இரண்டு மூன்று நாள் சுற்றிவிட்டு இறங்கும் பயணத்தை வைத்து எழுதுகிறேன். கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை எங்கே போனாலும் ஓட்டும் முறை இதுதான்.

1. வண்டியை எங்கே எடுப்பது

சென்னைக்காரர்கள் பலர் சென்னையிலேயே வண்டி எடுத்து, ராத்திரி முழுக்க ஓட்டி, விடிகாலையில் தூக்கக் கண்ணோடு மலையேறுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கோவை வரைக்குமே 500 கிலோமீட்டர். கவனம் அதிகம் தேவைப்படும் சாலை அதற்குப் பிறகுதான் வருகிறது. ரயிலில் தூங்கிக்கொண்டே கோவைக்கு வந்து, நிலையத்துக்குப் பக்கத்திலோ பீளமேடு விமான நிலையத்திலோ வண்டி எடுங்கள். உடம்பும் களைக்காது, வாடகையில் அடங்கிய கிலோமீட்டரும் நெடுஞ்சாலையிலேயே கரைந்துபோகாது.

கோவையிலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறத்தாழ 86 கிலோமீட்டர். போக வர, உள்ளே குன்னூர், கோத்தகிரி, பைக்காரா என்று சுற்ற, மூன்று நாளில் 350 கிலோமீட்டர் ஆகலாம். அதற்குத் தகுந்த கிலோமீட்டர் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். வரம்பில்லாத திட்டத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

2. எந்தச் சின்ன வண்டி

வாடகை நிறுவனங்களின் மலிவான பட்டியலில் பெரும்பாலும் ஆல்டோ கே10, வேகன் ஆர், செலேரியோ, க்விட், டியாகோ ஆகியவைதான் இருக்கும். இரண்டு பேர் என்றால் எதுவும் சரி. நான்கு பெரியவர்கள் பெட்டிகளோடு போவதாக இருந்தால் 1200 சிசி எஞ்சின் உள்ள டியாகோவோ, 1.2 லிட்டர் வேகன் ஆரோ கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். மேலே காற்று அடர்த்தி குறைவு என்பதுதான் காரணம். ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே 67 குதிரைத்திறன் தரும் வண்டி அங்கே ஐம்பத்துச் சொச்சம்தான் தரும். வண்டி இழுக்கவில்லை, ஏதோ கோளாறு என்று பயப்படத் தேவையில்லை. எல்லா வண்டிக்கும் அங்கே அப்படித்தான்.

சிஎன்ஜி வண்டியை இந்தப் பயணத்துக்குத் தவிர்த்துவிடுங்கள். டிக்கியில் பெரும்பகுதியை சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், கேஸில் ஓடும்போது இழுவையும் குறைவு.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? மலையில் மேனுவல் ஓட்டிப் பழக்கம் இருந்தால் மேனுவலே மேல். மலிவு வண்டிகளில் வரும் ஆட்டோமேட்டிக் பெரும்பாலும் ஏஎம்டி வகை, அதாவது மேனுவல் கியர்பெட்டிதான், கிளட்சையும் கியரையும் வண்டியே இயக்கிக்கொள்ளும். அதை எடுப்பதானால் கியரை நாமே மாற்றிக்கொள்ளும் ‘எம்’ நிலை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். சில மாடல்களில் அது கிடையாது, வெறும் ‘டி’ மட்டும்தான். இறக்கத்தில் கியரைப் பிடித்துவைக்க வழியில்லாத வண்டியை மலைக்கு எடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

3. நம்பர் பிளேட்டும் காகிதங்களும்

சட்டப்படி வாடகைக்கு விடும் செல்ஃப் டிரைவ் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை என்றால் அது யாரோ ஒருவருடைய சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. ‘நம்ம ஃபிரெண்டு வண்டி, வாடகை குறைச்சல்’ என்று கொடுப்பார்கள். வாங்காதீர்கள். விபத்து நடந்து, வண்டி வாடகைக்கு விடப்பட்டது என்று தெரியவந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். நாளைக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் லட்சக்கணக்கில் மாட்டிக்கொள்வது தேவையா?

ஆர்சி, காப்பீடு, புகைச் சான்று, பெர்மிட் நான்கும் நடப்பில் இருக்கின்றனவா என்று தேதியைப் படித்துப் பாருங்கள். அங்கிருந்து மைசூரு பக்கமோ வயநாடு பக்கமோ போகும் எண்ணம் இருந்தால் பெர்மிட்டும் மாநில வரியும் அதற்குச் சரியாக இருக்கின்றனவா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பந்திப்பூர் காட்டுப்பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை நிதானமாகப் படியுங்கள். சேதமானால் உங்கள் பங்கு எவ்வளவு, அதில் எவையெல்லாம் அடங்காது, தாமதமானால் மணிக்கு எவ்வளவு. டயர், அடிப்பகுதி, கிளட்ச் மூன்றும் பல ஒப்பந்தங்களில் காப்புக்கு வெளியே இருக்கும். மலைப்பயணத்தில் முதலில் அடிவாங்குவதே இந்த மூன்றும்தான்.

4. இ-பாஸ்: வாடகை வண்டியில் வரும் சிக்கல்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அரசு இணையதளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். எனவே சீசனில் கடைசி நேரம் வரை விட்டுவைக்கக் கூடாது.

ஆனால் பாஸுக்கு வண்டி எண் வேண்டும். வாடகை நிறுவனமோ எந்த வண்டி என்பதைக் கடைசி நேரத்தில்தான் சொல்லும். அதனால் பதிவு செய்யும்போதே, முந்தைய நாள் வண்டி எண் வேண்டும் என்று கேட்டு வையுங்கள். பாஸ் எடுத்த பிறகு வேறு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், அங்கேயே நின்று புது எண்ணுக்கு வேறு பாஸ் எடுத்துவிட்டுத்தான் சாவியை வாங்க வேண்டும். சோதனைச் சாவடியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் உங்களைத் திட்டும்.

அதே சாவடியில் பிளாஸ்டிக்கும் பார்ப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் உட்பட. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள்.

5. சாவி வாங்கும் முன் இருபது நிமிடம்

முதலில் வீடியோ. வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்து, ஒவ்வொரு கீறலையும் நெருக்கத்தில் எடுங்கள். நான்கு சக்கர வட்டுகள், முன் பம்பரின் கீழ் விளிம்பு, கண்ணாடியில் கல் பட்ட புள்ளி, உள்ளே சீட், கிலோமீட்டர், பெட்ரோல் அளவு எல்லாம் வர வேண்டும். வண்டி கொடுக்க வந்த தம்பியும் பக்கத்தில் நிற்கட்டும்.

அடுத்தது டயர். பலரும் உதைத்துப் பார்ப்பதோடு சரி. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்று இருந்தால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். ஐந்தாறு வருடம் தாண்டிய டயரில் கோடுகள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது. பள்ளங்களுக்கு நடுவே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்திருந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. வேறு வண்டி கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம், காசு கொடுக்கிறோம்.

ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பாருங்கள். காற்று இருக்கிறதா? ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கின்றனவா? வைப்பர், ஹாரன், பிரேக் விளக்கு, பனி விளக்கு, கண்ணாடியின் ஆவியை நீக்கும் ஃபேன் எல்லாவற்றையும் ஒருமுறை போட்டு அணையுங்கள்.

எஞ்சின் ஓடும்போது பிரேக்கை அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் அந்த வண்டி வேண்டாம். அப்புறம் ஹேண்ட்பிரேக். பார்க்கிங் சரிவோ மேம்பாலத்தின் ஓரமோ கிடைத்தால் ஹேண்ட்பிரேக்கை மட்டும் போட்டு நிறுத்திப் பாருங்கள். வண்டி நகர்ந்தால் அதுவும் வேண்டாம். ஹேண்ட்பிரேக் பிடிக்காத வண்டியில் மலையேறக் கூடாது.

ஃபாஸ்டேக் யார் கணக்கு, பணம் எப்படிப் பிடிப்பார்கள் என்று கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். வாடகைப் பதிவு வண்டிகளில் பல, 80 கிலோமீட்டருக்கு மேல் போகாது. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும் பாதியில் அது தெரியவந்தால் ரொம்ப ஆபத்து.

6. மேட்டுப்பாளையம் வரை பழகுங்கள்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரையிலான 35 கிலோமீட்டர் சமதளத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீட், கண்ணாடிகளைச் சரிசெய்த பின் ஓரமாக நிறுத்தி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விடுங்கள். எஞ்சின் சத்தம் லேசாக இறங்கி, வண்டி முன்னே நகர எத்தனிக்கும் அந்தப் புள்ளியை இடது கால் மனப்பாடம் செய்யும் வரை ஐந்தாறு முறை. பின்னால் யாரும் இல்லாதபோது பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தமாகவும் மிதித்துப் பாருங்கள்.

மேட்டுப்பாளையத்தில் டேங்க்கை நிரப்புங்கள். ஆல்டோ கே10 டேங்க் 27 லிட்டர், வேகன் ஆர் 32 லிட்டர். முதல், இரண்டாம் கியரிலேயே ஏறுவதால் விளம்பரத்தில் சொன்ன மைலேஜில் பாதிதான் வரும் என்று கணக்கு வையுங்கள். டயருக்கு, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று பிடியுங்கள். மலைக்காகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

பாதை இரண்டு. பர்லியாறு வழியாகக் குன்னூர் போகும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கோத்தகிரிச் சாலை கொஞ்சம் எளிதானது, நெரிசலும் குறைவு. முதல்முறை மலையில் ஓட்டுபவருக்கு என் தேர்வு கோத்தகிரிதான். ஆனால் கோடை சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், குன்னூர்ச் சாலையில் மண் சரியும். கிளம்பும் காலையில் சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

7. ஏற்றம்

சின்ன வண்டி ஏறும்போது எஞ்சின் சத்தம் போடும். போடட்டும். சத்தத்துக்குப் பயந்து மூன்றாம் கியருக்கு மாற்றினால் வண்டி முக்கி முனகி நின்றுபோகும். இரண்டாம் கியரில் சீராக ஏறுவதுதான் எஞ்சினுக்கு நல்லது. செங்குத்தான இடத்தில் ஏசியை அணைத்தால் இழுவை கூடுவது உடனே தெரியும். பர்லியாறு தாண்டினால் ஜன்னல் காற்றே போதும்.

கொண்டை ஊசி வளைவில் இடது, வலது வித்தியாசம் உண்டு. நாம் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம். வளைவு இடது பக்கம் திரும்பினால் நாம் உள்வட்டத்தில் இருப்போம். அங்கே தூரம் குறைவு, செங்குத்து அதிகம். வளைவுக்கு முன்பே முதல் கியர் போட்டுவிடுங்கள், நடுவில் மாற்ற நேரம் இருக்காது. வலது பக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளிவட்டம். அது அகலம், சரிவும் கம்மி, இரண்டாம் கியர் தாங்கும்.

வளைவை நெருங்கும்போது ஹாரன் அடித்து, தலையைத் தூக்கி மேல் சாலையைப் பாருங்கள். பஸ் இறங்குகிறது என்றால் வளைவுக்கு ஒரு வண்டி நீளம் முன்பாகவே நின்றுவிடுங்கள். பஸ்ஸுக்கு முழு வளைவும் வேண்டும். நீங்கள் உள்ளே நுழைந்துவிட்டால் அதுவும் திரும்ப முடியாது, நீங்களும் பின்னால் போக முடியாது. குறுகிய இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. எதிரில் வருபவருக்கு அது தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் முன்னே போகாதீர்கள்.

நெரிசலில் ஏற்றத்தில் நின்று நின்று போக வேண்டி வரும். கிளட்ச் எரிவது இங்கேதான். பலர் ஹேண்ட்பிரேக் போடாமல், கிளட்சைப் பாதி மிதித்து ஆக்சிலரேட்டரைக் கொடுத்தபடியே வண்டியை நிறுத்தி வைத்திருப்பார்கள். சில நிமிடத்தில் கருகிய நாற்றம் வரும், பிறகு கிளட்ச் தட்டுக்கான பில் வரும். நின்றவுடன் ஹேண்ட்பிரேக்கை இழுத்து நியூட்ரலுக்கு வாருங்கள். கிளம்பும்போது முதல் கியர், கொஞ்சம் ஆக்சிலரேட்டர், மேட்டுப்பாளையம் சாலையில் பழகிய அந்தப் புள்ளி வரை கிளட்ச். வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும். அப்போது ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாது. முன் வண்டி நான்கடி நகர்ந்ததும் நீங்களும் நகர வேண்டியதில்லை. ஒரு வண்டி நீளம் இடம் கிடைத்த பின் நகர்ந்தால் போதும், பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும்.

கல்லாறு, பர்லியாறு, குஞ்சப்பனை பக்கம் யானைகள் நடமாடும். பலாப்பழக் காலத்தில் இன்னும் அதிகம். சாலையில் யானையோ காட்டெருமையோ நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், கீழே இறங்காமல் காத்திருங்கள்.

8. மேலே இருக்கும் நாட்களில்

சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கோடு கியரிலும் விடுங்கள். ஏற்றத்தைப் பார்த்து நிற்கும் வண்டிக்கு முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நிற்பதற்கு ரிவர்ஸ். ஹேண்ட்பிரேக் விட்டுப்போய் உருண்டாலும் மலைப்பக்கமோ நடைபாதைக் கல்லோ தடுக்கும்படி முன்சக்கரத்தைத் திருப்பி வையுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல். கிளம்பும்போது அந்தக் கல்லைச் சாலையிலிருந்து எடுத்து ஓரம் போட மறக்காதீர்கள், பின்னால் பைக்கில் வருபவர் அதில் ஏறி விழுவார்.

மூடுபனியில் டிம் விளக்கும் பனி விளக்கும் மட்டும். பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டாதீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்தால் ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், உடனே தெளியும். டிசம்பர், ஜனவரி காலையில் கண்ணாடி மேல் உறைபனி படிந்திருந்தால் வெந்நீர் ஊற்ற வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் குறுக்குவழி என்று கைபேசி வரைபடம் கல்லட்டிச் சாலையைக் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள், கடுமையான இறக்கம், உயிரிழப்புகள் பல நடந்த பாதை. வெளிமாவட்ட வண்டிகள் அதில் இறங்க அனுமதி இல்லை. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும்.

9. இறக்கம்

மலை ஓட்டுநர்கள் வாய்ப்பாடு போலச் சொல்வது: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. இந்த வழிகாட்டியில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வேகம் கொஞ்சம் ஏறும்போது பிரேக்கை ஒருமுறை அழுத்தமாக மிதித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விட்டுவிடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்கினால் பட்டைகள் சூடேறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. சின்ன வண்டிகளின் பிரேக் தட்டும் சின்னதுதான். நான்கு பேரும் பெட்டிகளும் இருந்தால் இந்தச் சூடு சீக்கிரமே வரும். ஏஎம்டி என்றால் ‘எம்’ நிலைக்கு மாற்றி இரண்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மிச்சமே ஆகாது. இப்போதைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும், நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குச் செலவாகும். எஞ்சினை அணைப்பது அதைவிட மோசம். பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்குவமும் போய்விடும், பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

கருகிய வாசனை வந்தாலோ பெடல் மெத்தென்று ஆனாலோ உடனே கியரைக் குறைத்து, அகலமான ஓரம் பார்த்து நிறுத்துங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தட்டு வளைந்துவிடும். கோத்தகிரி வழி இறங்கினால் நடுவில் டீ குடிக்க நிறுத்துவதே பிரேக்குக்கு நல்ல ஓய்வு.

10. ஏதாவது ஆகிவிட்டால்

வெப்பநிலை முள் சின்ன வண்டிகள் பலவற்றில் கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் ஓரம் கட்டி ஏசியை அணைத்து ஆறவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். பங்க்சர் ஆனால் வளைவிலோ சரிவிலோ ஜாக்கி போடாதீர்கள். காற்றில்லாத டயரோடு மெல்ல உருட்டி, சமமான இடம் வந்த பிறகு மாற்றுங்கள். டயர் பாழாகும்தான், பரவாயில்லை.

உரசலோ மோதலோ நடந்தால் முதலில் ஆட்கள், அடுத்து படம், அதன் பிறகு நிறுவனத்துக்கு அழைப்பு. அவர்களைக் கேட்காமல் வழியில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் வேலை பார்க்க வேண்டாம், அந்தச் செலவைத் திருப்பித் தரமாட்டார்கள். காயம் இருந்தால் 108.

11. திருப்பிக் கொடுக்கும்போது

ஞாயிற்றுக்கிழமை மாலையில் இறங்கும் திட்டம் என்றால் வழக்கமான நேரத்தோடு இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். தாமதக் கட்டணத்துக்குப் பயந்து இறக்கத்தில் அவசரப்படும் நிலைமை வரக் கூடாது. நேரம் போதாது என்று மேலேயே தெரிந்துவிட்டால், செயலியிலோ தொலைபேசியிலோ முன்கூட்டியே நேரத்தை நீட்டிக்கொள்ளுங்கள். வண்டி எடுத்த அளவுக்கே பெட்ரோல் போட்டு, சேறு இருந்தால் தண்ணீர் அடித்து, பகல் வெளிச்சத்தில் ஒப்படைப்பது நல்லது.

முதல் நாள் எடுத்தது போலவே இன்னொரு வீடியோ எடுங்கள். வண்டியை வாங்கிக்கொண்டவரிடம் ‘சேதம் எதுவும் இல்லை’ என்று ஒரு வரி, வாட்ஸ்அப்பிலாவது, வாங்கிவிடுங்கள். டெபாசிட் பணம் திரும்பி வந்த பிறகும் இரண்டு வீடியோவையும் சில மாதம் அழிக்க வேண்டாம். கேமராவில் பதிவான வேக மீறல் அபராதம் தாமதமாக வரும். அது வந்தால் தேதியும் நேரமும் வண்டி உங்களிடம் இருந்த நேரம்தானா என்று மத்திய அரசின் பரிவாகன் தளத்தின் இ-சலான் பக்கத்தில் வண்டி எண்ணைப் போட்டுச் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.